வழி தவறிய பேர்கன் அக்கா

ஒஸ்லோவை என்னளவுக்கு அறிந்தவர் வேறு எவரும் இல்லை என்று பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். அதனால் பெரியம்மாவின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்க மழை நகரமான பேர்கனிலிருந்து வந்தபோது, அவளைத் தயார்படுத்தும் பொறுப்பை யாரும் தராமலேயே எடுத்துக்கொண்டேன்.

வகுப்புகள் தொடங்க ஒரு வாரம் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே அக்காவுக்கு ஒரு ஹீபல், அதாவது மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் சின்ன அறை, கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மா பேச்சை எடுக்கவே விடவில்லை.

"ஸ்டோவ்னரிலை சித்தி வீடு இருக்கேக்கை உனக்கு ஹீபலோ? சனம் என்ன கதைக்கும்? உன்ரை அம்மாவுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

அக்கா குனிந்தபடி "ஓம் சித்தி" என்றாள். எனக்கோ சந்தோசத்தில் ஒரே புளுகம். என் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து பொம்மைகளை எல்லாம் அகற்றி, அவளுக்காகப் புதுவிரிப்பு விரித்து வைத்தேன்.

முதலில் உடுப்பு. பேர்கன் மழைச்சட்டை எங்கள் குளிருக்குக் காணாது என்று சொல்லி, அம்மாவோடு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போய்க் கம்பளிக் காலுறைகள் வாங்கவைத்தேன். அவள் தன்பாட்டில் சமைக்க ஒரு சின்னத் தாச்சிச் சட்டியும் வாங்கினாள். எங்கள் வீட்டில் தாச்சிக்கா பஞ்சம் என்று நான் நக்கலடித்தேன். அம்மா தாச்சியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்தது ரயில். ஸ்டோவ்னரில் ஐந்தாம் இலக்கத்தில் ஏறினால் மாறாமலே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம், குழந்தைப்பிள்ளையும் போகும். நான் ஒரு பெட்டியில், அவள் அடுத்த பெட்டியில். சரியான இடத்தில் தானாகவே இறங்கவேண்டும் என்பதுதான் சோதனை. செவ்வாய்க்கிழமை இரண்டு நிறுத்தம் முந்தியே இறங்கிவிட்டாள். புதன்கிழமை நான் இறங்கி நிற்க, அவள் போனைப் பார்த்தபடியே ரயிலோடு என்னைத் தாண்டிப் போனாள். வியாழக்கிழமை தனியே அனுப்பினேன். எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏறி, அடுத்த நிறுத்தமான வெஸ்ட்லியிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"தங்கச்சி, இஞ்சையோடை ரயில் முடிஞ்சுதாம். யூனிவேர்சிட்டியைக் காணேல்லை."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் ஆசிரியை என்றால் உண்மையை மறைக்கலாமா? அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் என் அறிக்கையைச் சமர்ப்பித்தேன்.

"அக்காவாலை ஏலாது அம்மா. நடந்து போற தூரத்திலை இருந்தாத்தான் அவ வகுப்புக்கு நேரத்துக்குப் போவா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நான்தான். அப்பா திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தார். அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா புட்டைக் குழைத்துக்கொண்டேயிருந்தாள்.

"இவள் சொல்லுறதும் சரிதான்" என்றார் அம்மா கடைசியில். "உன்ரை அம்மாவோடை நான் கதைக்கிறன். நீ ஹீபலுக்கு ஓம் எண்டு எழுதிவிடு பிள்ளை. ஞாயிறு எண்டா இஞ்சை சாப்பிட வந்திட வேணும்."

சனிக்கிழமை அம்மா மிளகாய்த்தூளும் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளும் பொதி செய்து கொடுத்தார். தாச்சியை அக்கா மறக்கவில்லை. கொண்டுபோய் விடுவதற்காக நான் சப்பாத்துப் போட்டு ஆயத்தமாக நின்றேன்.

"நீ நில்" என்று அம்மா என் தோளைப் பிடித்தார். "அவள் போவாள்."

இரண்டு பைகளோடு அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் நிலையத்துப் பக்கம் நடந்தாள். முக்கால் மணித்தியாலத்தில் 'வந்து சேர்ந்திட்டன்' என்று செய்தி வந்தது. மேல்தட்டு வெறுமையாய்க் கிடந்ததைப் பார்த்துக் கொஞ்சம் அழுதேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், மூன்று நாளில் ஒருத்திக்கு ஒஸ்லோ முழுவதையும் பழக்கிவிட்டேன் என்று சொல்லித் திரிந்தேன். மூன்று நாளும் வழி தவறிய பிள்ளையை அம்மா ஏன் தனியே அனுப்பினார் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.