கே.ஏ.கியூ. வண்டிக்காரி சியோம்புவா

எங்கள் மச்சாக்கோஸில் ஒருத்தரை மதிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வண்டியின் நம்பர் பலகையைப் பார்ப்பார்கள். கே.ஏ. என்று தொடங்கினால் கிழடு. கே.டி. என்றால் இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியது. வெளிநாட்டில் எவனோ ஏழெட்டு வருஷம் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட வண்டியாக இருக்கும், ஆனாலும் இங்கே அது புதுசு. கூறுகெட்ட ஊர். நான் இங்கே வாட்டர் சர்வீஸ் நடத்துகிறவள். சேறு போன பிறகு எந்த வண்டி எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

சியோம்புவாவின் வண்டி கே.ஏ.கியூ. ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் வெள்ளை ஜப்பான் வண்டி. சாலையை அகலப்படுத்த அவள் மாமனார் நிலத்தில் ஒரு துண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கிடைத்த பணத்தை அவள் புருஷனும் கொழுந்தன் கிலோன்சோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். புருஷன் மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்ப்பவன், பங்கை இவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதில் கொஞ்சத்தை எடுத்துத்தான் அவள் இந்த வண்டியை வாங்கி வாடகைக்கு விட்டாள், தானே ஓட்டினாள்.

கிலோன்சோ தன் பங்கு முழுவதையும் கொட்டி ஒரு கே.டி.ஜி. வாங்கினான். ஐரோப்பா வண்டி, கறுப்பு, தோல் இருக்கை. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், வம்பு எனக்கெதற்கு.

வாங்கிய வாரமே என் கடையில் வைத்து அவளைச் சீண்டினான். "அண்ணி, இதக் காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டு எனக்கு டிரைவரா வந்துடுங்க. சம்பளம் மொத தேதியே தர்றேன்."

"மொதல்ல உன் வண்டிக்குச் சம்பளம் குடு தம்பி. மிச்சம் இருந்தா எனக்குக் குடு" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஆள் ஏற்றும் மோட்டார் பைக்குகள் வந்த பிறகு வாடகை படுத்துவிட்டது. இப்படியே போனால் கொழுந்தனிடம் கைகட்டி நிற்கத்தான் வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் மருத்துவமனை வேலை வந்தது. வமுன்யு பக்கத்து டயாலிசிஸ் நோயாளிகளை வாரம் இரண்டு முறை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். நிலையான வருமானம். சியோம்புவா வண்டியைத் தேய்த்துக் கழுவி ஓட்டிக்கொண்டு போனாள். நிர்வாகி மசிலா பலகையைப் பார்த்ததோடு சரி.

"கே.ஏ.கியூவா? இது மியூசியத்துல இருக்க வேண்டியதாச்சே அம்மா. நோயாளிங்க பயந்துடுவாங்க."

வேலை கிலோன்சோவுக்குப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மசிலாவின் காரைக் கழுவ மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன்.

சில மாதத்தில் கறுப்பு வண்டி கிலோன்சோவின் கையைக் கடிக்க ஆரம்பித்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் இங்குள்ள மெக்கானிக்குகள் தொடவே மாட்டார்கள், கம்ப்யூட்டர் வேண்டுமாம். நைரோபிக்குப் போ. அங்கே போனால் சாமான் துபாயிலிருந்து வர வேண்டும். ஒருநாள் பின்பக்கம் அப்படியே இறங்கி, வண்டி உட்காரப் போகும் நாய் மாதிரி நின்றது. மருத்துவமனை கொடுத்ததெல்லாம் நைரோபி ஒர்க்‌ஷாப்புக்கே போனது. உள்ளே துடைக்கும்போது டாஷ்போர்டில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பிய்த்தேன். அடியில் அத்தனை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

"ஏன்டா, கிறிஸ்துமஸ் இன்னும் வரலையே" என்றேன்.

"உன் வேலையப் பாரு" என்று டேப்பைத் திரும்ப ஒட்டினான், பாவி.

ஏப்ரல் மழையில் வந்தது வினை. நோயாளிகளோடு மசீ ஊரைத் தாண்டி வரவேண்டியவன், வமுன்யுவிலிருந்து கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே நடுரோட்டில் நின்றுவிட்டான். அழைத்தது யாரை? அண்ணியைத்தான். அவள் வண்டி என் கடையில் சோப்பு நுரையோடு நின்றது. அப்படியே கிளம்பினாள். நானும் ஏறிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான், பொய் சொல்வானேன்.

எல்லோரையும் அடைத்துக்கொண்டு திரும்பினோம். மசீ சந்தைக்கு வந்ததும் படாரென்று ஒரு சத்தம். இன்ஜின் பெல்ட் அறுந்துவிட்டது.

"போச்சு, இதுவும் போச்சு" என்று கிலோன்சோ தலையில் கைவைத்தான். எனக்கும் உயிர் போய் வந்தது. சிகிச்சை தவறினால் என்ன ஆகும் என்று வண்டியிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

சியோம்புவா எதிரே வெங்காயக் கடைக்குள் போனாள். பாதிப் பேர் ஓட்டுகிற வண்டியாச்சே, அங்கே வெங்காயச் சாக்குக்கு மேலேயே அதன் பெல்ட்டுகள் தொங்கின. இரண்டு கிலோ வெங்காய விலையில் ஒன்றை வாங்கினாள், ஸ்பேனரை எடுத்தாள், தானே மாட்டினாள். நான் வாங்கிய டீ ஆறுவதற்குள் வண்டி உறுமியது.

பின்சீட்டில் இருந்த எம்பித்தே டீச்சர் கேட்டார். "கிலோன்சோ, உன் வண்டிக்கு இங்க பெல்ட் கெடைக்குமா?"

"இல்ல டீச்சர். நைரோபிக்குச் சொல்லணும்."

"வெங்காயக் கடையில சாமான் கெடைக்குற வண்டிதான்பா எனக்கு வேணும். சாமான் துபாய்லேர்ந்து வர்ற வரைக்கும் என் உயிரு காத்திருக்காது."

மருத்துவமனை வாசலில் இறங்கியதும் இதையே மசிலாவிடம் சொன்னார். மெதுவாகச் சொல்லவில்லை, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னார். மற்றவர்களும் சியோம்புவா வந்தால்தான் ஏறுவோம் என்றார்கள். மறுவாரமே வேலை அவள் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறவில்லை. வண்டிக்கு வேண்டியதெல்லாம் எண்ணெய், பிரேக், எப்போதாவது ஒரு பெல்ட். சம்பாதித்தது அவளிடமே தங்கியது. அதே கம்பெனியின் இன்னொரு கிழட்டு வண்டியும் வாங்கிவிட்டாள், கே.ஏ.எஸ். கிலோன்சோ தன்னுடையதை விற்கப் போனபோது, போட்டதில் கால்வாசிகூடத் தேறவில்லை. ஒருநாள் என் தண்ணீர்த் தொட்டியருகே வந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, டிரைவரா வர்றியா?" என்று கே.ஏ.எஸ். சாவியை நீட்டினாள் சியோம்புவா. "சம்பளம் மொத தேதியே தர்றேன்."

வாங்கிக்கொண்டான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இப்போது நன்றாகத்தான் ஓட்டுகிறான், அதையும் சொல்ல வேண்டும்.

போன வாரம் மசிலா நடந்தே என் கடைக்கு வந்தார். அவருடைய கே.டி. வண்டி ஒர்க்‌ஷாப்பில் துபாய் சாமானுக்காகக் காத்துக் கிடக்கிறதாம். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சியோம்புவாவிடம் போய் நின்றார்.

"அம்மா, அந்த கே.ஏ.கியூவ எனக்குக் குடுத்துடுங்களேன். நீங்க அன்னைக்கு என்ன வெலைக்கு வாங்கினீங்களோ, அதையே தர்றேன்."

இத்தனை வருஷம் ஓட்டிச் சம்பாதித்த பிறகும் அதே விலை. நான் குழாயைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றேன், தண்ணீர் தெருவில் ஓடியது.

சியோம்புவா கண்ணாடியைத் துடைத்து முடித்தாள், உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"மியூசியத்துக்குக் குடுக்கறதாச் சொல்லிட்டேனே சார்" என்றாள். "வமுன்யுல டீச்சர் காத்திருப்பாங்க, வரேன்."