கரடிக் கதையின் முடிவைத் தின்ற நாய்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேச விட்ட ஐந்து நிமிடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, “கதையில யானை செத்துப்போனா அழுவீங்களா?” என்பதுதான். “யானை எதுக்கு, அணில் செத்தாலே அழுவேன்” என்றேன். மீதி நேரம் முழுக்க இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். வெளியே இருந்த பெரியவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து லட்டை எடுத்து நீட்டத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. அவருக்கு மின்சார அலுவலகத்தில், கம்பம் ஏறும் வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எனக்குக் கொல்லிமலைக்கு மாறுதல் வந்ததும் அவரும் கேட்டு வாங்கிக்கொண்டார். மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குத் தண்ணீர் தராமல் புத்தக டிரங்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். சமதளத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் மேலே போய் இறங்கியபின் அரை மணி நேரம் பூமி நிற்கவே இல்லை.

அந்தப் பெட்டி நிறைய விலங்குக் கதைகள். ஓநாய், புலி, கிழட்டுக் குதிரை, நொண்டி நாரை. அவரிடம் இருந்த பலவும் என்னிடமும் இருந்ததால் சில புத்தகங்கள் இரண்டிரண்டு. ஆனால் நாங்கள் இருவரும் அதுவரை ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்த்ததில்லை.

மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைத்தது. பக்கத்து வீட்டில் ஒரு அக்கா, மிளகும் சாமையும் விளைவிக்கிறவர். பெட்டியைப் பிரித்த அன்று அட்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, இத்தன நாயிக் கதை படிச்சுப்போட்டு ஒரு நாயிகூட வளத்ததில்லீங்களா?”

“இல்லக்கா.”

“அட சாமி!” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஒரு கூடையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கவிழ்த்தார். அதிலிருந்து உருண்டு வந்தது, காது இரண்டும் இரண்டு திசையில் நிற்கும் ஒரு செம்பழுப்புக் குட்டி. அதற்கு நாங்கள் வைத்த பெயரை அது ஒருநாளும் மதித்ததில்லை. அதனால் அந்தப் பெயரை இங்கே எழுதுவதிலும் பயனில்லை.

கதைகளில் வரும் நாய்கள் நெருப்பில் பாய்ந்து எசமானைக் காப்பாற்றும். பாம்பை மறிக்கும். நூறு மைல் நடந்து வீடு திரும்பும். எங்களுடையது மூன்றாம் நாள் நொண்டி நாரையின் முதுகைக் கடித்துத் துப்பியது. பிறகு ஓநாயின் முதல் அத்தியாயம். பிறகு குதிரையின் பின்னங்கால் இருக்கும் அட்டை. அதிசயம் என்னவென்றால், அதே பலகையில் இருந்த என் துறைத் தேர்வுக் கையேட்டையோ, சமையல் குறிப்புகளையோ, பஞ்சாங்கத்தையோ அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் கத்தினேன். அவருக்கோ பெருமை தாங்கவில்லை.

“அதுக்கு ரசனை இருக்கு, பாத்தியா? பஞ்சாங்கத்தத் தொடல. விலங்குக் கதைய மட்டும்தான் எடுக்குது.”

மின்கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போதுகூடக் கீழே நிற்பவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருப்பாராம். கடிபட்ட புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்கி வைத்து, பசை காய்ச்சி, துணி ஒட்டி, கல்லை ஏற்றி வைத்துச் சீர் செய்வார். அடுத்த ஞாயிறுக்குள் நாய் அவற்றை மறுபடி கடித்திருக்கும். இருவரில் யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

நாய்க்குத் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவரிடம் போனோம். தூத்துக்குடிக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், சிரிக்காதவர் என்று பெயர் எடுத்தவர். என் கணவர் கையிலிருந்த புலிக் கதையைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் இரண்டு ஆண்களும் புலியைப் பற்றியே பேசினார்கள். கடைசியில் மருத்துவர் மேசை இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்து, செய்தித்தாள் உறை போட்ட ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார்.

“கரடிக் கதை. சின்ன வயசுல இருந்து எங்கிட்ட இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. முதுகு பிஞ்சிருக்கு, பத்திரம்.”

என் கணவர் இரண்டு கைகளாலும் வாங்கினார். நான் நாயின் வாயைப் பார்த்தேன்.

அந்தக் கரடிக் கதை எங்கள் மாலைகளைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்ததும் அவர் சத்தமாகப் படிப்பார். அக்கா சாமையை முறத்தில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு தாய்க் கரடி, ஒரு குட்டி. காட்டாற்று வெள்ளத்தில் குட்டி அடித்துச் செல்லப்படுகிறது. மீதிக் கதை முழுக்கத் தாய் அதைத் தேடி அலைகிறது.

“குட்டி எப்பவும் அம்மா முதுகுமேலதானுங்க ஒட்டிக்கிட்டு இருக்கும்” என்று அக்கா முதல் நாளே ஆட்சேபித்தார். “எங்க பலா மரத்துக்கு வந்தத நானே பாத்துருக்கேனுங்க. வெள்ளத்துல எப்படிங்க போவும்?”

“அம்மா கரை ஏறுறப்ப வழுக்கிருச்சுக்கா.”

“அப்பச் சரிங்க” என்று முறத்தைத் தட்டினார். ஆனால் அந்தப் பக்கத்திலேயே அவர் கண் கலங்கிவிட்டது. நானும் அழுதேன். படித்தவர் மூக்கைச் சிந்தப் போய்விட்டார். நாய் மட்டும் கதை கேட்காமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். பதினேழு பக்கம். மறுநாள் படிக்கலாம் என்று மூடி, பீரோவுக்கு மேலே வைத்தோம். மறுநாள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. தரையெல்லாம் பொடிக் காகிதம். புத்தகத்தின் முதுகும் அந்தப் பதினேழு பக்கமும் காணோம். மிஞ்சியிருந்த கடைசி வரி இது: ‘அக்கரையில் ஏதோ அசைந்தது. தாய்க் கரடி மூக்கை உயர்த்தியது.’ அதற்குக் கீழே பல் பதிந்த ஓட்டை.

அக்கா முறத்தோடு வந்து நின்றார். “படிக்கலாங்களா?”

நான் தரையைக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார். “அப்ப… அந்தக் கரடி என்னாச்சுங்க?”

அந்த நேரத்தில் நாய் எங்கள் நடுவில் வந்து, வயிறு பலூன் போல உப்பி, நான்கு காலையும் பரப்பிப் படுத்து முனகத் தொடங்கியது. கோபமெல்லாம் பறந்துபோனது. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். பஸ் வந்தது. “எம்பட ஊட்டு நாயி போட்ட குட்டியாச்சுங்களே, நானும் வாரேன்” என்று அக்காவும் ஏறிக்கொண்டார்.

“நாயிக்கு என்னாச்சுங்க?” என்றார் நடத்துனர்.

“புஸ்தகம் தின்னுபோட்டுச்சுங்க” என்றார் அக்கா.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் என்று விசாரணை நடந்தது. அக்கா வெள்ளத்திலிருந்து தொடங்கிக் கரடிக் கதை முழுவதையும் சொன்னார். அக்கரையில் ஏதோ அசைந்ததும் பஸ் நின்றது, நாங்கள் இறங்க வேண்டிய இடம். “முடிவச் சொல்லிப்போட்டு இறங்குங்க!” என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். “அது நாயி வயித்துக்குள்ள இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கினார். பஸ்ஸுக்குள் எழுந்த சிரிப்பு, அது வளைவு திரும்பும்வரை கேட்டது. எனக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து விக்கல் எடுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் யாரிடம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது.

மருத்துவர் நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார்.

“என்ன சாப்பிட்டுச்சு?”

நான் கணவரைப் பார்த்தேன். கணவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தார்.

“காகிதம் சார்” என்றார் இவர்.

“என்ன காகிதம்?”

“அச்சடிச்ச காகிதம்…”

அதற்குமேல் சொல்ல முடியாமல், பையிலிருந்து மிச்சப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். மருத்துவர் அதைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடியும் புத்தகம். நான் அக்காவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“ஒட்டுனீங்களா?”

“முதுகு பிஞ்சிருந்துச்சேன்னு, நல்லபடியா ஒட்டித் திருப்பிக் குடுக்கலாம்னு…”

“பசையில துத்தம் போட்டீங்களா?” மருத்துவரின் குரல் உயர்ந்தது. “பூச்சி வராம இருக்கப் போடுவாங்களே, மயில் துத்தம். அது விஷம்!”

“இல்ல சார், இல்ல! வெறும் மைதா. அடிப்பிடிக்காம இருக்கக் கொஞ்சம் நெய்.”

“நெய்யா?”

“மணமா இருக்கட்டுமேன்னு ஒரு சிட்டிகை வெல்லம்…”

மருத்துவர் புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு, சிரிக்காதவர் என்று பெயர் எடுத்த அந்த மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மறுபடியும் குலுங்கினார்.

“யோவ், நீரு புத்தகத்த ஒட்டலய்யா. அல்வா கிண்டி அட்டைக்குள்ள வச்சிருக்கீரு!”

வீட்டில் ஒட்டுப்போட்ட புத்தகங்கள் எல்லாமே விலங்குக் கதைகள்தான். நாய் வருவதற்கு முன்பே நாங்கள் திரும்பத் திரும்பப் படித்துக் கிழித்து, இவர் ஒட்டி வைத்தவை அவைதானே. தேர்வுக் கையேட்டை யார் அவ்வளவு புரட்டினார்கள்? நாயின் ரசனை நெய்யில் இருந்தது தெரிந்ததும் என் கணவரின் முகம் விழுந்த அழகைப் பார்த்து நானும் தாங்க முடியாமல் சிரித்தேன்.

மருத்துவர் மருந்து ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் நாய் வெளியே போய் வேண்டியதைச் செய்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் தேநீர் வந்தது. அக்காதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங்க டாக்டர், நீங்க சின்னதுல இருந்து படிச்சதுதானுங்களே. அந்தக் கரடிக்குக் குட்டி கெடச்சுதுங்களா?”

மருத்துவர் தேநீரை ஊதினார். காது சிவந்தது. “எனக்குத் தெரியாதும்மா. நான் கடைசி அத்தியாயத்தப் படிச்சதே இல்ல. குட்டி செத்திருந்தா என்ன பண்றதுன்னு பயம். அக்கரையில ஏதோ அசைஞ்சதும் மூடிருவேன். எத்தன தடவ படிச்சாலும் அதோட சரி.”

நாங்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தோம். ஆக, அந்த முடிவைப் பற்றி ஓரளவாவது அறிந்த ஒரே உயிர் எங்கள் நாய். அதுவும் இப்போது வெளியே விட்டுவிட்டது.

அப்புறம் என்ன, முடிவை நாங்களே செய்தோம். குட்டி அக்கரையில் தேன் கூட்டின் கீழே உட்கார்ந்திருக்கட்டும் என்றார் இவர். குட்டி வளர்ந்து தாயை அடையாளம் தெரியாமல் உறுமட்டும் என்றேன் நான். மூவரும் என்னை அடிக்க வந்தார்கள். அக்கா சொன்னதுதான் நிலைத்தது.

“பலா பழுக்கற மாசமுங்க. பழ வாசத்துக்குக் குட்டி இந்தப் பக்கம் வந்துருக்கும். அம்மாவும் அதே வாசத்துக்கு வரும். ஒரே பழத்துல ரெண்டும் மூஞ்சிய உட்டு, நிமிந்து பாத்துக்கும். மூஞ்சியெல்லாம் பலாப் பாலு ஒட்டிக்கிட்டு வாயே தொறக்க முடியாது. அதனால ஒண்ணும் பேசாதுங்க. குட்டி அப்படியே முதுகுல ஏறிக்கும்.”

மருத்துவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். நாங்கள் அவரைப் பார்க்காததுபோல் இருந்தோம்.

சில மாதம் கழித்து, பயிற்சிக்காகச் சேலம் போன இவர் அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் அதே கரடிக் கதையை முழுதாகக் கண்டுபிடித்தார். நான்கு பேரும் எங்கள் வீட்டில் கூடினோம். மருத்துவர் கைகளைக் கட்டிக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். இவர் தொண்டையைச் செருமிப் படித்தார்.

அக்கரையில் அசைந்தது காற்றில் ஆடிய ஒரு புதர். அடுத்த பத்தியில் வனத்துறை அதிகாரியின் மகளுக்குக் கல்யாணம். பந்தல், நாதஸ்வரம், மாப்பிள்ளையின் அத்தை கோபித்துக்கொண்டது, சமாதானமானது. பதினேழு பக்கமும் கல்யாணம்.

“கரடி எங்கீங்க?” என்றார் அக்கா.

இவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். “கல்யாணத்துக்கு வரலக்கா.”

மருத்துவர்தான் முதலில் வெடித்தார். “இதுக்காய்யா நான் இத்தன வருசம் பயந்தேன்!” என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்துவிட்டேன். நாய் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அறைக்குள் வட்டமடித்து ஓடியது. அக்காவுக்கு மட்டும் கோபம் தணியவில்லை.

“இத எழுதுனவருக்குக் கரடியத் தெரியாதுங்க” என்று எழுந்து சேலையை உதறினார். வாசல்வரை போய்த் திரும்பினார். “தம்பி, அடுத்த கதைய எடுக்கறப்ப, கடைசியில கல்யாணம் இருக்குதான்னு மொதல்ல பாத்துப்போட்டு எடுங்க. இருந்தா அந்தப் பக்கத்துல கொஞ்சம் நெய்யத் தடவி வச்சுருங்க.”