எந்தத் தட்டைமலை?

மரியரட்ணம் டென்மார்க்கில் கோல்டிங் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். நல்ல மனுஷன். மகன் விஷயத்தில் மட்டும் வாய் கூசாமல் பொய் சொல்வார். ஜெரோசன் மருத்துவப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டுக் கல்லையும் மலையையும் படிக்கப் போய்விட்டான். அப்பாவோ கோயிலில் கேட்பவர்களுக்கெல்லாம் "டொக்டருக்குப் படிக்கிறான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஓகஸ்டில் ஜெரோசனும் கூடப் படிக்கும் மிக்கெலும் கிழக்குக் கிரீன்லாந்தில் ஒரு மலையுச்சியில் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்குள்ள மலைகளுக்குக் கூர்முனை கிடையாது. எரிமலைக் குழம்பு படைபடையாக உறைந்து, பனியாறுகள் பக்கங்களை அறுத்துக்கொண்டு போனபின் மிஞ்சியவை. பக்கமெல்லாம் படிக்கட்டு, உச்சி மேசை. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் ஒரே மாதிரி மேசைகள். மூடுபனி இறங்கினால் எது தரை, எது விளிம்பு என்று தெரியாது.

வியாழக்கிழமை ஜெரோசன் சற்றலைற் போனில் எடுத்தான்.

"அப்பா, யூனிவேர்சிற்றிக்கு லைன் கிடைக்குதில்லை. நாங்கள் வேற மலைக்கு மாறுறம். இடத்தின்ர நம்பர் சொல்லுறன், எழுதி அவையளுக்குக் குடுங்கோ."

"அது கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தவமணி மாமி எடுப்பா. நீ ஆஸ்பத்திரியில பயிற்சியில நிக்கிறாய் எண்டு சொல்லப்போறன். பிறகு மாறிக் கதைச்சுப்போடாதை, விளங்குதோ?"

லைன் அறுந்தது.

வெள்ளிக்கிழமை பனி மூடியது. சனிக்கிழமை காலை பொலிசிலிருந்து போன் வந்தது. பிள்ளைகளிடமிருந்து இரண்டு நாளாகத் தகவல் இல்லை. மகன் கடைசியாக என்ன சொன்னான்?

"ஒன்றுமில்லை, சுகம் விசாரித்தான்" என்றார் மரியரட்ணம். இருந்த இரண்டு நிமிடத்தையும் பொய் சொல்லிக் கொடுப்பதில் தின்றுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் பனி விலகியது. ஹெலிகொப்டர் பழைய மலைக்குப் போய், கூடாரத்தைக் காணாமல், பக்கத்து மேசைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் குருவானவரிடம் செபம் கேட்கப் போனவர் பாதியில் திரும்பினார். செபம் கேட்டால் ஊருக்கே தெரியுமே! பாவி மனுஷன், காருக்குள் இருந்து ஸ்ரியரிங்கில் தலையை மோதி அழுதார். அப்போது கோபன்ஹேகனுக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலிருந்து அக்கா தவமணியின் போன் வந்தது.

"தம்பி, மருமகன் எப்பிடி? படிப்பு எப்பிடிப் போகுது?"

"அக்கா, அவன் டொக்டருக்குப் படிக்கேல்லை. கிரீன்லாந்தில மலையில காணாமப் போட்டான். என்ர பிள்ளை போட்டான் அக்கா!"



"எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும், அவனே சொன்னவன். நீயா வாய் திறக்கட்டும் எண்டு இருந்தன். வியாழக்கிழமை எனக்கும் எடுத்தவனடா. இடத்தின்ர நம்பர் எண்டு தந்து, அப்பாட்டக் குடுங்கோ எண்டவன். எனக்குத் தெரியுமெண்டு அறிஞ்சால் நீ வெக்கப்படுவாய், ஞாயிற்றுக்கிழமை பதமாச் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தன். ஐயோ, ஆபத்தெண்டு ஆருக்குத் தெரியும்!"

தவமணி கலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்து நம்பரை வாசித்தார். மரியரட்ணம் அதை மூன்று தரம் எழுதிச் சரிபார்த்து, பொலிசுக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பனி விலகியதும் ஹெலிகொப்டர் நேராக அந்த மேசையில் இறங்கியது. ஜெரோசன் உயிரோடு இருந்தான். வெள்ளிக்கிழமை மூடுபனியில் விளிம்பு தெரியாமல், கையிலிருந்த போனோடு ஒரு மலைப்படி கீழே விழுந்து இடுப்பு உடைந்த மிக்கெல், ஞாயிறு விடியற்காலையில் அவனுடைய மடியிலேயே இறந்திருந்தான்.

கோபன்ஹேகனில் ஆஸ்பத்திரி வாசலில் மிக்கெலின் தாய் கிர்ஸ்டன், மரியரட்ணத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நம்பரைக் கொடுத்தது நீங்கள்தானாம். இல்லாவிட்டால் என் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நன்றி."

மரியரட்ணம் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

"வியாழக்கிழமை" என்றார் டெனிஷ் மொழியில். "அந்த நம்பர் வியாழக்கிழமையே எங்கள் குடும்பத்திடம் இருந்தது."

கிர்ஸ்டன் விளங்காமல் பார்த்தார். உதடுகள் நாட்களை எண்ணின. வெள்ளி, சனி, ஞாயிறு. பிறகு அவருடைய கைகளை விட்டுவிட்டார்.