ஒற்றை விரலுக்குப் பதியும் பெட்டி

அண்ணன் குவைத்திலிருந்து கொடுத்துவிட்ட ரேப் றெக்கோடருக்கு முன்பக்கத்தில் விரலால் அமத்துகிற ஆறு கட்டைகள். ஆறும் ஒரே அகலம், ஒரே கறுப்பு, ஒரே வழுவழுப்பு. இடப்பக்கத்து முதற்கட்டை பதிவதற்கு. அதற்குப் பக்கத்தில் உள்ளது பதிந்ததைக் கேட்பதற்கு. பதிகிற கட்டையின் தலையில் மிளகளவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் செய்த கம்பனி மனிதருடைய விரலைப் பற்றி யோசித்தது அந்த மிளகளவுதான். மற்ற யோசனை முழுவதும் வேறு இடத்துக்குப் போயிருந்தது. பாட்டுக்கு ஏற்றபடி ஏறி இறங்கும் பச்சை விளக்குகள் இருந்தன. இரண்டு பக்கமும் கழற்றக்கூடிய ஸ்பீக்கர்கள் இருந்தன. கழற்றி எங்கே கொண்டுபோவது என்று எங்கள் தீவில், வேலணையில் ஒருவருக்கும் தெரியவில்லை. சிவப்புப் புள்ளி இரண்டு மாதத்தில் வியர்வையில் அழிந்துபோனது. விளக்குகள் கடைசிவரை எரிந்தன.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கராக இருந்தேன். அரிசியும் மண்ணெண்ணெயும் அளந்தது போக மிச்ச நேரத்தில் ஊருக்கு வருகிற மின்சாமான்களுக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லுவது என் வேலை. ஒருவரும் தந்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. சவூதியிலிருந்து மண்கும்பானுக்கு ஒரு மணிக்கூடு வந்தாலும், ஜேர்மனியிலிருந்து மடத்துவெளிக்கு ஒரு றேடியோ வந்தாலும், பெட்டிக்குள் இருக்கும் விளக்கப் புத்தகம் என்னிடம் வந்துவிடும். ஏழு பாஷைகளில் அச்சடித்திருப்பார்கள், அதில் தமிழ் இருக்காது. எனக்கு இங்கிலிஸ் கொஞ்சம் தெரியும் என்ற திமிரில் வாசித்து விளக்குவேன். தெரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முந்திய பெட்டிகளில் பதிவதற்கு இரண்டு கட்டைகளை ஒன்றாக அமத்த வேண்டும். இரண்டு விரல் வேண்டும், கொஞ்சம் பலமும் வேண்டும். தவறுதலாக யாரும் அப்படி அமத்த மாட்டார்கள். இவர் ஒன்றை அழிக்கப் போகிறார், நிச்சயமாகத்தானா என்று பெட்டி கேட்ட கேள்வி அது. புதுப் பெட்டியில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, ஒற்றை விரல் போதும் என்று மட்டையில் கொட்டை எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தார்கள். நானும் பெருமையாகத்தான் மச்சாளுக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, விளங்கப்படுத்தினேன்.

“மச்சாள், இனி ரெண்டு விரல் தேவையில்லை. ஒண்டு காணும்.”

“அது நல்லதுதானே தம்பி. மற்றக் கையிலை பிள்ளையை வைச்சிருக்கலாம்,” என்றார் மச்சாள்.

அண்ணன் எண்பத்துநாலில் போனபோது மச்சாள் பிள்ளைத்தாச்சி. பிள்ளை பிறந்ததை அவன் கசெற்றில்தான் கேட்டான். அந்த நாட்களில் தீவுகளில் பாதி வீடுகளுக்குக் கசெற்றில்தான் கடிதம் வந்தது. லீவில் வருகிறவர்கள் சவர்க்காரத்தோடும் சேலையோடும் நாலைந்து கசெற்றையும் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். திரும்பிப் போகும்போது பதிலைக் கொண்டுபோவார்கள். பதில் என்பது அதே கசெற்தான். வந்த குரலின் மேலேயே எங்கள் குரலைப் பதிந்து அனுப்புவோம். அங்கே அவன் எங்களைக் கேட்டுவிட்டு, எங்களுக்கு மேலே தன்னைப் பதிந்து அனுப்புவான். ஒரே கசெற் இரண்டு வருடம் போய்வந்த வீடுகளும் உண்டு. அதில் ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. மச்சாள் மட்டும் ஒருமுறை, பதியத் தொடங்க முன்னம், “கொண்ணையை அழிச்சுப்போட்டுத்தான் கொண்ணையோடை கதைக்க வேண்டிக்கிடக்கு” என்றார். கொண்ணை என்றால் உன் அண்ணன். அவர் அண்ணனின் பெயரை வாயால் சொன்னதில்லை.

அண்ணனுக்குக் கசெற்றில் ஒரு பழக்கம். கட்டையை அமத்திவிட்டு உடனே கதைக்க மாட்டான். வெட்கம். காத்தாடி சுற்றும் சத்தம் கேட்கும், தேத்தண்ணியைக் கலக்குகிற கரண்டிச் சத்தம் கேட்கும், ஒரு செருமல் கேட்கும். அதற்குப் பிறகுதான் “நான் இஞ்சை சுகம்” என்று வரும். அந்த இடைவெளியில் நாங்கள் எல்லோரும் வாய் திறக்காமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு ஒரு கசெற் வந்தது. அதில் அவன் முழுக்கப் பிள்ளையோடுதான் கதைத்திருந்தான். எட்டு நிமிடம் இருக்கும். மச்சாள் வழக்கம்போலப் பதில் பதியப் பார்த்திருக்கிறார், பதிகிற கட்டை கீழே இறங்கவில்லை. என்னிடம் கொண்டுவந்தார். கசெற்றின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகள் இருக்கும். அவற்றை முறித்துவிட்டால் அதன்மேல் ஒன்றும் பதிய ஏலாது. அண்ணன் முறித்துத்தான் அனுப்பியிருந்தான். பிள்ளைக்காகக் கதைத்தது அழியக்கூடாது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரில் ஒரு துண்டை வெட்டி, ஓட்டைகளை மூடி, “இப்ப பதியலாம்” என்று கொடுத்தேன். கட்டை இறங்கியது. மச்சாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேண்டாம் தம்பி, இது பிள்ளைக்கு இருக்கட்டும்” என்று வேறு கசெற்றில் பதில் அனுப்பினார். பிளாஸ்ரரைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் கழற்றவில்லை.

எண்பத்தாறில் அண்ணன் லீவில் வந்தான். கொழும்பில் விமானத்தால் இறங்கி யாழ்ப்பாண பஸ்சில் ஏறியவனை வழியில் ஒரு இடத்தில் ஆமிக்காரர் இறக்கினார்கள். அவனுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து வந்தவர் அவனுடைய கைப்பையை வீட்டில் கொண்டுவந்து தந்தார். பைக்குள் பிள்ளைக்கு ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. நானும் மச்சாளும் எத்தனையோ முகாம் வாசல்களில் நின்றோம். எல்லா இடத்திலும் அப்படி ஒருவரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். இன்றுவரை அதுதான் பதில்.

முகத்துக்குப் படங்கள் இருந்தன. குரலுக்கு அந்த ஒரு கசெற் மட்டுந்தான் மிஞ்சியது. மற்ற எல்லாவற்றிலும் எங்கள் குரல் ஏறிவிட்டது. மச்சாள் அதை வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போடுவார். பற்றறி கிடைப்பது கஷ்டமாகிவிட்ட காலம். அடிக்கடி நிற்பாட்டி நிற்பாட்டிப் போட்டால் பற்றறி கெதியாகப் போய்விடும், ஓடுகிறதை ஓடவிடுங்கோ என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதுவும் உண்மையோ என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருடம் ஒரு வெள்ளி மத்தியானம். நான் பின்வளவில் வேலிக்கு ஓலை கட்டிக்கொண்டு நின்றேன். மச்சாள் விறாந்தையிலிருந்து கூப்பிட்டார்.

“தம்பி, ஒருக்கா வந்து பாரும். கொண்ணை இன்னும் கதைக்கத் தொடங்கேல்லை. பற்றறி போட்டுதோ?”

போய்ப் பார்த்தேன். மடியில் பிள்ளை. கசெற் சுற்றிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து முதற்கட்டை கீழே இருந்தது.

“எவ்வளவு நேரமா ஓடுது மச்சாள்?”

“பத்து நிமிசம் இருக்கும். கொண்ணை எப்பவும் சுணங்கித்தானே தொடங்குறவர்.”

நிற்பாட்டி, பின்னுக்குச் சுற்றி, போட்டேன். காகம் கத்தியது. மச்சாளின் காப்பு பெட்டியில் முட்டியது. பிறகு பிள்ளையின் குரல், “அப்பா எங்கை?” உடனே மச்சாளின் குரல், மிகவும் மெதுவாக, “இரு, இப்ப கதைப்பார்.” அதற்குப் பிறகு வெகுநேரம் இரண்டு பேரின் மூச்சும் காகமும். கடைசியில் மச்சாள் என்னைக் கூப்பிடுவது, எவ்வளவு நேரம் என்று நான் கேட்பது, அவர் பதில் சொல்வது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை.

மச்சாள் அழவில்லை. தன்னுடைய வலதுகை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ரை விரல்தானே,” என்றார். நான் கசெற்றை வெளியில் எடுத்தேன். பிளாஸ்ரர் அழுக்கேறி அப்படியே இருந்தது. பெருவிரல் நகத்தால் கிளப்பி, உருட்டி, சேட் பொக்கற்றுக்குள் போட்டேன். பிறகு கதைக்கத் தொடங்கினேன். கம்பனிக்காரனின் பிழை மச்சாள், இரண்டு கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவன் மடையன், கையால் தடவிப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு மேடு வைத்திருக்கலாம், இரண்டு விரலை ஒற்றை விரலாக்கச் சொல்லி யார் கேட்டது என்று அரை மணித்தியாலம் கதைத்தேன். சொன்னது எல்லாம் சரி. இன்றைக்கும் ஒரு வரியை மாற்ற மாட்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன்.

கம்பனிக்குக் கடிதமும் எழுதினேன், மூன்று பக்கம், இங்கிலிஸில். மாதக் கணக்கில் காத்திருந்த பிறகு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அந்த வருடத்துப் புது மொடல்களின் கலர்ப் புத்தகம். எல்லாம் ஒற்றை விரல்தான்.

தொண்ணூறுச் சண்டையில் தீவை விட்டு வெளிக்கிட்டோம். வள்ளத்தில் அராலிக் கரைக்குப் போக வேண்டும், ஆளுக்கு ஒரு பைதான். கசெற்றை எடுக்கவில்லையா என்று கேட்டேன். “அதிலை நாங்கள்தானே கிடக்கிறம்,” என்றார் மச்சாள். அலுமாரிக்குள் இருந்த அதை ஒருமுறை பார்த்துவிட்டு அலுமாரியைப் பூட்டினார். அந்த வீட்டுக்கு இப்போது கூரையும் இல்லை.

இன்றைக்கு நாங்கள் எல்லோரும் கனடாவில். நான் எந்தக் கம்பனியையும் விட்டுவைப்பதில்லை. என் கைத்தொலைபேசி ஒரு விளம்பரப் படத்தை அழிக்க மூன்று தரம் நிச்சயமா என்று கேட்கிறது. ஆனால் தன் வசதிக்கு எதையாவது எடுத்துப்போட வேண்டுமென்றால் ஒருநாள் விடிய எடுத்திருக்கும், கேட்காது. முகநூலில் இதைப் பற்றி நான் எழுதினால் நல்லாய் எழுதுறீர்கள் அண்ணை என்கிறார்கள். மச்சாள் தன் மகளோடு, என் பெறாமகளோடு, இருக்கிறார். எந்தச் சாமானின் கட்டையையும் தன் கையால் அமத்த மாட்டார். லிப்ற்றுக்குள் ஏறினால்கூட வேறு யாராவது வரும்வரை நிற்பார். வயதுபோனதால் பயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஆயிரம் தரம் அவரோடு தனியே இருந்திருக்கிறேன். அந்தப் பிளாஸ்ரரைப் பற்றி மட்டும் சொன்னதில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருந்தோம். பெறாமகளின் மகள், பதினாறு வயது, தன் தொலைபேசியோடு வந்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இப்போது ஒன்று வந்திருக்கிறதாம். செத்தவர்களின் குரலைப் படிக்கக் கொடுத்தால், அது அதே குரலில் நாங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுமாம்.

“அம்மம்மா, அப்பப்... அம்மப்பான்ரை குரல் ஏதாவது இருக்கா? கனக்க வேண்டாம். பத்து செக்கன் காணும்.”

“பத்து செக்கன் எண்டால் எவ்வளவு?” என்று மச்சாள் கேட்டார்.

பிள்ளை விரல் மடித்து ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணிக் காட்டினாள். மச்சாள் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணி முடிந்தது.

“அவ்வளவுதானோ,” என்றார். “நான் அண்டைக்குப் பத்து நிமிசம் பாத்துக்கொண்டு இருந்தனான் பிள்ளை. அவ்வளவு நேரமும் என்ரை விரலாலைதான் அவர் போய்க்கொண்டிருந்தவர்.”

பெறாமகள் குசினிக்குள் போய்விட்டாள். அறையில் நாங்கள் மூன்று பேர். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்த மாதிரி இருந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான், பத்து செக்கன்கூட எடுக்காது.

“எந்தக் கம்பனி பிள்ளை, இதைச் செய்யிறது?” என்று கேட்டேன்.

அவள் பெயரைச் சொன்னாள். நான் திட்டத் தொடங்கினேன்.