வெயிலில் போட்ட ஸ்வெட்டர்

மகள் பள்ளியோடு பனிச்சறுக்கு விளையாட சுவிட்சர்லாந்து போகிறாள். டெல்லியில் இருக்கும் என் தங்கை அனுப்பிய கம்பளிக் கோட்டைப் பிரித்தபோது அந்துருண்டை வாசம் எங்கள் கோச்சடை வீடு முழுக்கப் பரவியது. அந்த வாசம் பட்டால் எனக்கு இன்றும் முதுகு வேர்க்கும்.

எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியிலிருந்து கொடைக்கானல் கூட்டிப்போனார்கள். அப்பா எனக்காகப் பெரியப்பாவின் பழைய சிவப்பு ஸ்வெட்டரை அந்துருண்டை வாசத்தோடு வாங்கிவந்திருந்தார். புறப்படும்போது எங்கள் வகுப்பு சார் தன் மச்சான் மகனை வேனில் ஏற்றிக்கொண்டு என்னை இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை பிரேயரில் பள்ளிச் செய்தி வாசிப்பார்கள். சுற்றுலா போய்வந்தவர்கள் ஸ்வெட்டரோடு மேடையேறுவது வழக்கம். ஸ்வெட்டர் இருந்தால் போதும் என்று நம்பி நானும் ஏறினேன். சார் மைக்கிலேயே கேட்டார்.

"ஏன்டா, போகாமலே குளிருதா? சாயங்காலம் வரைக்கும் அதைக் கழட்டக் கூடாது."

பங்குனி வெயில். பையன்கள் நோட்டால் விசிறிவிட்டு, "இன்னும் குளிருதா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கழுத்தெல்லாம் வேர்க்குரு. மாலையில் அழைத்துப்போக வந்த அப்பாவிடம் சார் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சாரோடு சேர்ந்து சிரித்தார். சாரின் முகம் எனக்கு மறந்துவிட்டது.

மகள் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னாள்.

"எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு விசா கிடைக்கலப்பா. ஆனா கோட்டு வாங்கி வச்சிருக்கா. நாளைக்கு பிரேயர்ல போறவங்களை மேடையேத்தி வழியனுப்புறாங்க. நீயும் அதைப் போட்டுட்டு வாடி, உன்னையும் மேடைல ஏத்துவாங்கன்னு சொல்லிருக்கோம். லூசு, நம்பிட்டா."

சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். நானும் சிரித்துவைத்தேன்.