ஒடுக்கு விழுந்த சாம்பார் வாளி

எங்கள் வீட்டில் ஒரு சின்ன எவர்சில்வர் சாம்பார் வாளி இருக்கிறது. பந்தியில் பரிமாறத் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. என் கல்யாணத்துக்கு உடுமலைப்பேட்டையில் சித்தப்பா வாங்கிக்கொடுத்தது. ஒரு பக்கம் என் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. அதற்கு நேர் எதிர்ப்பக்கம், விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஒடுக்கு. பழைய பாத்திரம் வாங்குகிறவர் எங்கள் பிளாக்குக்கு வரும்போதெல்லாம் அதைத் தட்டி எடுத்துத் தரட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்கிறேன். அந்த ஒடுக்கை உண்டாக்கியது நான்தான்.

அப்போது எங்களுக்குச் சுரங்கக் கம்பெனியின் மாடி குவார்ட்டர்ஸ். கீழ்வீட்டில் இருந்தவரைக் கீழ்வீட்டு அண்ணன் என்றே கூப்பிட்டோம். காடாம்புலியூர்க்காரர். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நெருப்புப் பொறி பட்டு முன்கை முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் காற்றிலிருந்து ரூபாய் எடுப்பார். எங்கே, யாரிடம் கற்றார் என்று கேட்டால், "தபால்ல வந்துச்சு" என்பார். உண்மையிலேயே தபாலில் வந்த புத்தகம்தான். வேலை, வீடு, ஊரில் இருந்த முந்திரித் தோப்பு இவற்றுக்கு வெளியே அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே ஆசை அது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பில் அவருடைய வித்தையை வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பூஜையன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். ஆயிரம் பேர் முன்னால் வாளியில் ரூபாய் விழ வேண்டும். அதற்கென்று சென்னையில் ஒரு மாஜிக் சாமான் கடைக்கு எழுதி, நிக்கல் பூச்சுப் போட்ட வாளி ஒன்றை வரவழைத்திருந்தார். உள்ளே ஒரு குழாயில் காசை அடுக்கி, கைப்பிடியை அழுத்தினால் ஒவ்வொன்றாக விழும். பார்க்க அழகாக இருந்தது. சத்தம்தான், ஈரமான கோணிச்சாக்கில் கல் போட்ட மாதிரி இருந்தது.

"பின்னால ஒக்காந்துக்கினு இருக்கிறவனுக்குக் கேக்கணும் தங்கச்சி. கேக்கலன்னா நான் சும்மா கைய ஆட்டிக்கினு நிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றார்.

வேறு வாளி தேடுகிற வேலை அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, தன் பாத்திரங்களில் கைவைக்க விடவில்லை. "வெல்டிங் கையி. தொட்டா ஓட்ட வுழுந்துடும். மேல போயி கேளுங்க" என்று அனுப்பிவிட்டார். என்னிடம் இருந்ததையெல்லாம் நான் எடுத்துக்கொடுத்தேன். பித்தளைச் செம்பு, அலுமினியப் போசி, எனாமல் குவளை, பிஸ்கட் டின், கடைசியில் இந்த வாளி. அவர் மாடிப்படியின் அடியில் நின்று ஒவ்வொன்றிலும் ரூபாயைப் போடுவார். நான் மேலே நடையின் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எது நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். அலுமினியத்தில் சத்தம் செத்துப்போனது. டின் அலறியது. செம்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு ரூபாயின் நாதம் அடங்குவதற்குள் அடுத்தது விழுந்து எல்லாம் ஒன்றாகக் குழம்பியது. வாளியில் மட்டும் ஒவ்வொரு ரூபாயும் தனித்தனியாக, தெளிவாக, படியேறி வந்து என் காதில் உட்கார்ந்தது. "இதுதானுங்ணா!" என்று கத்தினேன்.

என் மகள் அப்போது என் மடியில்தான் இருந்தாள். இரண்டு வயது முடிந்திருந்தது. ஒரு மணி நேரம் நான் கண்ணை மூடிச் சத்தம் கேட்டேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிரித்துப் பிரித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் காட்சியை நான் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ரூபாயையும் அவர் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தார். நாலணா தூரத்துக்குத் தெரியாது. அரை ரூபாய் விரலிடுக்கில் நிற்காது. பழைய பெரிய ஒரு ரூபாய்தான், ஓரத்தில் வரி தேயாததாகப் பொறுக்கி, திருநீறு போட்டுத் துலக்கி வைத்துக்கொண்டார். இடது கை வாளியைப் பிடித்திருக்கும். கட்டைவிரல் வெளியே, மற்ற விரல்கள் உள்ளே. உள்ளே இருக்கிற விரல்களில்தான் ஏழெட்டு ரூபாய் ஒளிந்திருக்கும். வலது கையில் ஒன்றே ஒன்று. அதைக் காற்றில் பிடித்ததாகக் காட்டி, வாளிக்குள் போடுகிற மாதிரி கையை இறக்கும்போது, இடது கை உள்ளேயிருந்து ஒன்றை நழுவவிடும். சத்தம் கேட்டதும் எல்லாருடைய கண்ணும் வாளிக்குப் போகும். அந்த நொடியில் வலது கை ரூபாயை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. இதை இங்கே எழுத அவரே அனுமதி கொடுத்துவிட்டார்.

"கண்ண ஏமாத்துறது கஷ்டம் தங்கச்சி. காத ஏமாத்திட்டா கண்ணு தானா பின்னால வந்துடும்" என்பார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடக்கும். நானும் அக்காவும் என் கணவரும் பார்ப்போம். முதல் நாளே என் மகள் எழுந்து போய் அவர் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருந்த ரூபாயை எடுத்துவிட்டாள். நாங்கள் சிரித்துச் சிரித்துக் களைத்தோம். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் என் கணவர், "எம் பொண்ணு பேச ஆரம்பிக்கட்டும், சி.ஐ.டி. வேலைக்கே அனுப்பிடலாம்" என்றார். அக்கா, "ஒரு கொயந்தைய ஏமாத்தத் தெரியல, ஆயிரம் பேர ஏமாத்தப் போறாராம்" என்று நொடித்தார். நான் அன்றே என் மாமியாருக்கு, உங்கள் பேத்திக்கு அப்படியொரு கூர்மை என்று கடிதம் எழுதினேன். அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை என்ற என் கவலைக்கு முந்தைய கடிதத்தில்தான் அவர், உன் வீட்டுக்காரனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான் என்று பதில் போட்டிருந்தார். நான் அதை நம்பியிருந்தேன். நம்புவது வசதியாக இருந்தது.

அண்ணன் மட்டும் அந்த மூன்று நாளும் முழுதாகச் சிரிக்கவில்லை. பூஜைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பகலில் தனியாக வந்து வாசலிலேயே நின்றார்.

"ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சிக்கக் கூடாது தங்கச்சி."

"சொல்லுங்ணா."

"பாப்பா என்னக் கண்டுபுடிக்கல. சத்தம் வந்தா அது திரும்பல. அதான் வலது கையையே பாத்துக்கினு இருக்குது. மொதல்ல எங் கையிலதான் தப்புன்னு நெனச்சேன். மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். வாளி சத்தம் அதுக்குப் போய்ச் சேரலம்மா. ஒருக்கா டாக்டருகிட்ட..."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்களுக்குக் கை ஓடலீன்னா அதுக்கு என் குழந்தையச் சொல்லுவீங்ளா?" என்று கேட்டேன். அதோடு விடவில்லை. "பண்டிகைக்குப் பரிமாற எனக்கு வாளி வேணும். கொடுத்துடுங்க" என்றேன். அவர் கீழே போய் வாளியைக் கழுவி, துடைத்துக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தினேன். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் அரிசி அளக்கும் படிகளையும் உழக்கையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று வாளிக்குள் ஒரு ரூபாயைப் போட்டேன். அவள் அடுக்கினாள். இன்னொன்று போட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு வாளியையே விளிம்பு ஒடுங்கத் தரையில் போட்டேன். திரும்பிப் பார்த்தாள்! ஓடிப்போய் அவளைத் தூக்கி முத்தமிட்டேன். பார்த்தீர்களா, என் குழந்தைக்குக் கேட்கிறது என்று கீழே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கதவு வரை போனேன். ஆனால் நான் எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்க்கிறவள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிறவள். அவளை மறுபடி உட்காரவைத்து, கட்டிலில் மெத்தையின் மேல் வாளியை வைத்து, கரண்டியால் ஓங்கி அடித்தேன். என் காதே அடைத்தது. அவள் திரும்பவில்லை. தரை அதிர்ந்ததால்தான் முன்பு திரும்பியிருந்தாள்.

ஷிஃப்ட் சங்கு ஊதும்போது அவள் அசையாமல் தூங்குவதைப் பார்த்து, எவ்வளவு நல்ல குழந்தை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருந்தேன்!

இதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. பண்டிகை முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஐந்து நாள் வாளியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன்.

ஆயுத பூஜையன்று எல்லாரும் போனோம். ராட்சத இயந்திரங்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசியிருந்தார்கள். ஒரு டிரெய்லர் வண்டியின் மேல்தட்டுதான் மேடை. அண்ணன் கோட்டு போட்டுக்கொண்டு, கடையில் வாங்கிய அந்த நிக்கல் வாளியோடு ஏறினார். இரண்டு ரூபாய் விழுந்தது, யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது குழாயில் சிக்கிக்கொண்டது. கைப்பிடியை எவ்வளவு அழுத்தியும் வரவில்லை.

"அண்ணே, வாளி ஸ்டிரைக் பண்ணுதா?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"ஓவர்டைம் கேக்குதுப்பா" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. கோட்டுக்குள் அவருக்கு வியர்த்து ஊற்றியது எனக்கு முன்வரிசையிலிருந்து தெரிந்தது. என் அரிசி டின்னுக்குப் பின்னால் சும்மாக் கிடந்த வாளி ஞாபகத்துக்கு வந்தது.

என் மகள் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல அவள் விரல் அண்ணனின் வலது கையை நோக்கி நீண்டது. அவர் பார்த்துவிட்டார். வித்தை செய்கிறவர் கடைசிவரை செய்யக்கூடாத ஒன்றை அப்போது செய்தார். மேடையின் ஓரத்துக்கு வந்து, குனிந்து, அத்தனை பேருக்கும் முன்னால் உள்ளங்கையை விரித்து அவளிடம் காட்டினார். ஆமாம், இங்கேதான் இருக்கிறது என்பது போலத் தலையாட்டினார். அவள் கைதட்டினாள். கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே கணவரிடம் சொன்னேன். அவர் மகளைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். ஐந்து நாளாக என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த வாரம் சென்னைக்குப் போனோம். இரண்டு காதிலும் கேட்பது மிகக் குறைவு, கருவி வைத்தால் கொஞ்சம் எட்டும், இந்த வயதிலேயே வந்தது நல்லது என்றார் டாக்டர். நல்லது என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் ஊர் வந்து சேர்ந்தேன்.

வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். என்னென்னவோ பேசவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்த அக்காவைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. அண்ணன் ஒடுக்கைத் தடவிப் பார்த்து, எப்படி விழுந்தது என்று கேட்காமல், "நான் மூணு நாளா சொல்ல வந்து வந்து, படியிலேயே திரும்பிப் போனேன் தங்கச்சி. ஒனக்குக் கோவம் அஞ்சு நாளு. எனக்குப் பயம் மூணு நாளு. சரியாப் போச்சு" என்றார். வாளியை வாங்கிக்கொள்ளவில்லை. துலக்கிய ரூபாய்களை அதில் போட்டு, "பாப்பாகிட்ட குடு" என்று திருப்பித் தந்தார்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளை அங்கே விட்டது சரியா என்று ஒவ்வொரு முறை பஸ் ஏறும்போதும் யோசிக்கிறேன். அண்ணன் வேறு பிளாக்குக்கு மாறிவிட்டார். போன லீவில் ஒரு பலாப்பழத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளைப் பார்க்க வந்தார். அவள் உடனே நெஞ்சில் தொங்கிய காது கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வயர் கையில் தட்டுகிறதாம். வாளியை எடுத்துவந்து எங்கள் முன்னால் நின்றாள். இந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கூடத்தில் அன்று அதை முழுதாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

வலது கை காற்றில் ஒரு ரூபாயைப் பிடித்தது, இறங்கியது. வாளி ஒலித்தது. என் கண் வாளிக்குப் போயிற்று. எல்லாம் தெரிந்த அண்ணனும் வாளியைத்தான் பார்த்தார்.

அவள் எங்கள் இருவரின் கண்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய இடது கட்டைவிரல் அந்த ஒடுக்கில் வாகாகப் பதிந்திருந்தது. அங்கே பிடித்தால்தான் வாளி வழுக்காதாம்.