பக்கத்துக் கட்டில் தாய்

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு. புனேயில், நாங்கள் குடியிருக்கும் தாபோடி பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் அதே காய்ச்சலோடு ஒரு சிறுவன். அவன் தாய் கண் மட்டும் தெரிய பர்தா அணிந்திருந்தார்.

இங்கே யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்ற தைரியத்தில், அவர் எதிரிலேயே என் கணவரிடம் போனில் சொன்னேன்: "பக்கத்துல ஒரு பர்தாக்காரிங்க. பாத்தாலே பயமா இருக்கு. பையை மடியிலயே வெச்சிருக்கேன்."

மறுநாள் காலை நர்ஸ் அவரிடம், பையனுக்கு மலம் கறுப்பாகப் போகிறதா என்று இந்தியிலும் மராத்தியிலும் கேட்டார். அவர் புரியாமலே இல்லையென்பதுபோல் தலையை ஆட்டினார். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். நமக்கெதற்கு வம்பு என்று முருகனை ஜபித்தபடி திரும்பிக்கொண்டேன்.

மாலையில் பையன் ரத்தமாக வாந்தியெடுத்தான். "யம்மா, எம் புள்ளைக்கு என்னாச்சு!" என்று அவர் அலறியபோதுதான் தெரிந்தது, அவரும் தமிழ் என்று; ஊர் கடையநல்லூராம். டாக்டர்கள் ஓடி வந்து பையனைத் தூக்கிப்போனார்கள்.

"தமிழாம்மா? என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க போன்ல பேசுனதக் கேட்டுட்டுதானக்கா இருந்தேன். பெறகு எப்படிக் கேக்க?"

நர்ஸ் கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"ரெண்டு நாளா கறுப்பாத்தானக்கா போவுது" என்றார். வயிற்றுக்குள் ரத்தம் கசிவதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

விடிவதற்குள் பையன் போய்விட்டான்.

இப்போதெல்லாம் பர்தா அணிந்தவர்களைக் கண்டால் நானே வலியப் போய்ப் பேசுகிறேன். ஆனாலும் பார்த்த நொடியில் கை தானாகப் பையை இறுக்குகிறது. அந்தக் கையைத்தான் தினமும் முருகன் முன்னால் கூப்புகிறேன்.